குரோம்வெல் இடித்த கோட்டை எது? ஐரிஷ் இடிபாடுகளை அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஏரிக்கரையில் நம் கோட்டை இருந்தது. அங்கிருந்து மடாலயம் வரைக்கும் சுரங்கம் உண்டு. குரோம்வெல் பீரங்கி வைத்து இடித்துவிட்டான்." அயர்லாந்திலிருந்து சில தலைமுறைக்கு முன் அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ கப்பலேறிய குடும்பங்களில் இப்படி இரண்டு மூன்று வரிதான் வாய்வழியாக மிஞ்சியிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு தேடப் புறப்படுபவர் திகைத்துப் போவார். ஏறத்தாழ 1400 முதல் 1650 வரை அந்தத் தீவில் எழுந்த கோபுர வீடுகள், அதாவது பிரபுக்கள் குடியிருந்த கோபுர வடிவச் சிறு கோட்டைகள் மட்டுமே 3,000-க்குக் குறையாது என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. தடித்த சுவர், குறுகிய சாளரம், சுழல் படிக்கட்டு என்று எல்லாம் ஒரே சாயல். ஏரிக்கும் அங்கே பஞ்சமில்லை.

ஊர்க்கதையை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. கதை சிலவற்றைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும்: வயலின் பெயர், பாறை, ஊற்று, கடைசியாகக் குடியிருந்த குடும்பம். ஆண்டும் பெரிய மனிதர்களின் பெயரும் அப்படியில்லை, வாய் மாற மாற அவை மாறிவிடும். தேடுபவர்களில் பலர் இந்த இரண்டாவது வகையைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். பெரும்பாலான தவறுகளின் வேர் அதுதான்.

குரோம்வெல்லையே எடுத்துக்கொள்வோம். அயர்லாந்தை அடக்கப் படையோடு வந்த இந்த ஆங்கிலேயத் தளபதி டப்ளினில் இறங்கியது 1649 ஆகஸ்ட், திரும்பக் கப்பலேறியது 1650 மே. ஒன்பது மாதம்தான். கெர்ரி, கோனாக்ட், அல்ஸ்டர் பக்கம் அவர் கால் வைக்கவே இல்லை. கெர்ரியில் கில்லார்னி ஏரிக்கரையில் நிற்கும் ராஸ் கோட்டை 1652-இல் லட்லோ என்ற தளபதியிடம்தான் பணிந்தது. குரோம்வெல் நேரில் வந்து முற்றுகையிட்ட கேயர் கோட்டையோ சண்டையின்றிச் சரணடைந்து, இன்றும் முழுசாக நிற்கிறது. ஆகவே கதையில் "குரோம்வெல்" என்று வந்தால் அதை ஒரு மனிதனின் பெயராகப் படிக்காமல் "பெரிய அழிவு ஒன்று நடந்தது" என்று படிப்பது நல்லது. அந்த அழிவு எந்தக் காலத்தைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். ஷானன் கழிமுகத்தில் இருக்கும் காரிகஃபாயில் கோட்டை 1580-இல், ஆங்கில ஆட்சியை எதிர்த்த டெஸ்மண்ட் கிளர்ச்சியின்போது பீரங்கியால் உடைக்கப்பட்டது. லிமெரிக் அருகே காரிகோகனல் கோட்டை 1691 போரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கார்க் மாவட்டத்தின் காசில் பெர்னார்ட் எரிந்தது 1921-இல், விடுதலைப் போரில். கால்வேயில் ஆற்றங்கரையோரம் கொடி படர்ந்து நிற்கும் மென்லோ கோட்டையைப் பார்ப்பவர் அது பல நூற்றாண்டுகளாகப் பாழாய்க் கிடப்பதாகவே நினைப்பார். அது தீ விபத்தில் போனது 1910-இல். ஐவிக் கொடி நூறு ஆண்டில் எந்தச் சுவரையும் கிழவனாக்கிவிடும்.

அடுத்த தவறு, ஒரு கதையை ஒரு கோட்டையின் கைரேகையாக எடுத்துக்கொள்வது. கதைகளுக்குக் கால் உண்டு. "ஜெரால்டு பிரபு சாகவில்லை, ஏழு ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளி லாடம் அடித்த குதிரையில் வருவார், லாடம் தேய்ந்து தீர்ந்த அன்று மீண்டும் எழுவார்" என்று உங்கள் பாட்டி சொல்லியிருந்தால் அது எந்த ஊர்? லிமெரிக்கில் லாக் கர் ஏரிக்கரையில் கேட்டால், ஐரிஷ் மொழியில் கவிதை எழுதிய மூன்றாம் டெஸ்மண்ட் பிரபு, 1398-இல் இறந்தவர், அவர்தான் ஏரிக்கு அடியில் இருக்கிறார் என்பார்கள். கில்டேரில் கில்கே கோட்டைப் பக்கம் கேட்டால், 1585-இல் இறந்த பதினோராம் கில்டேர் பிரபு, மந்திரவாதி என்று பெயரெடுத்தவர், அவர்தான் குதிரையில் வருகிறார் என்பார்கள். இருவர் பெயரும் ஜெரால்டு, குடும்பமும் ஃபிட்ஸ்ஜெரால்டு. குதிரையையும் லாடத்தையும் வைத்து இங்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. குதிரை ஏரியிலிருந்து கிளம்புகிறதா, கில்டேரின் முல்லாமாஸ்ட் மேட்டை நோக்கிப் போகிறதா என்ற துணுக்கில்தான் விடை இருக்கிறது. பொதுவாக வரும் பகுதியைக் கழித்துவிட்டு, மிச்சம் என்ன என்று பாருங்கள். மிச்சம் பெரும்பாலும் ஒரு திசையாகவோ ஒரு பாறையாகவோ இருக்கும்.

சுரங்கப்பாதையும் கழிக்க வேண்டிய பகுதிதான். ஏறக்குறைய எல்லாக் கோட்டைக்கும் அது சொல்லப்படுகிறது. கழிவறைத் துளையின் வாயைப் பார்த்தே அந்தப் பேச்சு பிறந்திருக்கலாம். அல்லது கோட்டைக்கும் முந்தைய வட்ட அரண்களில் மண்ணுக்கடியில் கல்லடுக்கிக் கட்டிய ஒடுங்கிய அறை ஒன்றில் யாரோ இடறி விழுந்திருக்கலாம்.

ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தை வைத்துப் பொருள் கொள்வது இன்னொரு பெரிய பள்ளம். "கேஷல்" என்று கேட்டவுடன் காசில், கோட்டை என்று துள்ளக்கூடாது. ஐரிஷில் கைஷெல் என்பது பல இடங்களில் கல்லால் ஆன வட்ட அரண், பிரபுக்களின் கோபுரத்துக்குப் பல நூற்றாண்டு மூத்தது. "கில்" என்று தொடங்கும் பெயரில் கோயிலும் இருக்கலாம், காடும் இருக்கலாம். காரிகோகனலைப் பாருங்கள். ஒரு கிழவி இரவுதோறும் அந்தப் பாறை மேல் மெழுகுவர்த்தி ஏற்றினாள், அதைக் கண்டவர் விடியுமுன் செத்தார் என்று கதை. மெழுகுவர்த்திக்கு ஐரிஷில் கொன்யல் என்று பெயர், ஆக பெயரும் கதையும் அழகாகப் பொருந்துகின்றன. ஆனால் பழைய எழுத்துவடிவில் நடுவே வரும் "ஓ" குடும்பப் பெயரின் அடையாளம். பெயரிலிருந்து கதை பிறந்திருக்க வாய்ப்பு அதிகம். லோகனிம் என்ற இடப்பெயர்த் தரவுத்தளத்தில் ஐரிஷ் வடிவங்களை இலவசமாகப் பார்க்கலாம். அதைப் பார்க்காமல் பெயருக்குப் பொருள் சொல்வது வீண் வேலை.

கல்லும் ஏமாற்றும். கிளேர் மாவட்டத்து லெமனே கோட்டையின் வாயில் வளைவு இப்போது அங்கே இல்லை, டிரோமோலண்டில் இருக்கிறது. செதுக்கிய கல் ஒன்றை மட்டும் பார்த்து "இதுதான்" என்று முடிவுகட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதே லெமனேயில் கோபுரம் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ஒட்டிக் கட்டிய பெரிய சாளர வீடு 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கே வாழ்ந்த எஜமானி, சிவந்த கூந்தல் மாய்ரா ருவாவின் கதைகள் இரண்டாவதற்குத்தான் உரியவை. அவளுக்கு 25 கணவர்கள் என்கிறது கதை, ஆவணங்களில் மூவர். எண்ணிக்கை பொய்யானாலும் ஆள் மெய், இடமும் மெய். இன்னொரு பக்கம், வெஸ்ட்மீத்தில் பெல்வெடர் மாளிகைத் தோட்டத்தில் நிற்கும் "பொறாமைச் சுவர்". தூரத்தில் பார்த்தால் பழைய மடாலயத்தின் இடிபாடேதான். 1760 வாக்கில் ஒரு பிரபு, தம்பியின் வீடு கண்ணில் படக்கூடாதென்று இடிபாடாகவே கட்டிய சுவர் அது. இப்படிப்பட்ட இடத்தில் உள்ளே போய் அண்ணாந்து பார்ப்பது உதவும். மிலாறு பின்னிய தட்டியைச் சாரமாக வைத்துச் சாந்து பூசியதால் வளைகூரையில் பதிந்த பின்னல் தடம் ஐரிஷ் கோபுர வீடுகளில் அடிக்கடி கிடைக்கும். வெறும் அலங்காரச் சுவரில் கூரையே இராது.

வரைபடத்தில் தவறுவது எளிது. 1830-களில் அளந்த, ஒரு மைலை ஆறு அங்குலமாகக் காட்டும் வரைபடங்களில் "கோட்டை, இடிபாடு" என்றும் "கோட்டை இருந்த இடம்" என்றும் தனித்தனியாகக் குறித்திருப்பார்கள். இரண்டையும் ஒன்றாகப் படித்துவிடாதீர்கள். கோட்டை முற்றிலும் மறைந்த ஊரில் அதன் கதை அநாதையாக நிற்பதில்லை, பக்கத்தில் எது நிமிர்ந்து நிற்கிறதோ அதன் மேல் ஏறிக்கொள்ளும். உங்கள் கதைக்குரிய கோட்டை, நீங்கள் படம்பிடித்த கோட்டைக்கு ஒரு மைல் தள்ளி, புல்வெளிக்கடியில் கிடக்கலாம்.

1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய ஊர்க்கதைத் தொகுப்பு, சுமார் 7,40,000 பக்கம், டூகாஸ் தளத்தில் கிடைக்கிறது. அபாரமான செல்வம் அது. ஒரே பிள்ளையின் பக்கத்தோடு நிறுத்தாமல், அடுத்த ஊர்ப் பள்ளியின் பக்கத்தையும் படியுங்கள். இரண்டும் முரண்படும் இடம்தான் உங்களுக்கு வேண்டியது. அந்தத் தொகுப்பு 26 மாவட்டங்களுக்கு மட்டும் உரியது என்பதையும் மறக்கக்கூடாது. அதில் சேராத வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கோட்டை ஒன்றைத் தேடிவிட்டு "கதையே இல்லை" என்று முடிவுகட்டுபவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

நேரில் போகிறவர்களுக்கு: பெரும்பாலான இடிபாடுகள் யாரோ ஒருவரின் மாட்டு மேய்ச்சலுக்கு நடுவே நிற்கின்றன. கேட்காமல் நுழையாதீர்கள். உலோகம் தேடும் கருவியை எடுத்துப் போகவே போகாதீர்கள், அனுமதியின்றிப் பழம்பொருள் தேடுவது அங்கே சட்டப்படி குற்றம். அந்த விவசாயியிடம் "இது யார் கோட்டை?" என்று கேட்டால் மறுபடியும் குரோம்வெல்தான் வருவார். "இந்த வயலுக்கு உங்கள் வீட்டில் என்ன பெயர் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். அந்தப் பெயர் எந்த வரைபடத்திலும் ஏறாமல், அவர் தாத்தா கூப்பிட்டபடியே இருந்தாலும் இருக்கும்.