தரம் 4 கிடைத்த கதை

மகன் தரம் 3 முடித்ததும், "இன்னொரு வருசம் இதிலயே இருக்கட்டும் அம்மா" என்றார் வகுப்பு டீச்சர். வாய்க்கணக்கில் என்னையே முந்துவான். எழுதினால் 'படம்' 'பமட்' ஆகிவிடும். கெஞ்சினேன், அழுதும் பார்த்தேன் (அது வேறு கதை). பிறகு களுவாஞ்சிகுடியில் பஸ் ஏறி, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காட்டி, டிஸ்லெக்சியா (புத்தி இருந்தும் வாசிக்க, எழுதச் சிரமப்படும் நிலை) என்று எழுத்தில் வாங்கினேன். அவனுடைய கொப்பி, வாயால் விடை சொல்லும் வீடியோ, ஒரு கடிதம் எல்லாத்தோடும் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைப் பார்த்தேன். கடிதம் அவர்களுக்குக் கிடைத்ததற்கு அத்தாட்சியாக, அதன் பிரதியில் திகதி முத்திரை வாங்க மறக்கவில்லை. வேலை செய்தது அந்த முத்திரைதான் என்பது என் எண்ணம். இப்போது தரம் 4. தமிழுக்கு மட்டும் கொஞ்ச நேரம் விசேட டீச்சரிடம் போகிறான்; சோதனையில் கேள்வியை வாசித்துக் காட்டுகிறார்கள். எழுத்து இன்னும் கோழி கிண்டின மாதிரித்தான்.