காரைக்குடியின் தரைச்சூட்டை நீங்களே அளக்கலாம்

ஊருணிக்கரையில் சூடு குறைவு, புது பிளாட் பக்கம் கால் வைக்க முடியவில்லை என்று எல்லாரும் சொல்கிறோம். அளந்தே பார்ப்போமே என்று ஏசி பழுது பார்க்கும் தம்பியிடம் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை (தொடாமலே சூட்டை அளக்கும், துப்பாக்கி போல இருக்கும் கருவி) இரவல் வாங்கினேன். புவியியல் பாடம் நடத்திய புத்தி ஓய்வு பெற்றும் விடவில்லை. செக்காலையில் டீக்கடைக்காரர், “யாரைச் சுடப் போறீங்க ஆச்சி?” என்றார்.

இந்தக் கருவி காட்டுவது பொருளின் மேற்பரப்புச் சூட்டை; வானிலைச் செய்தியில் வருவது காற்றின் வெப்பம். இரண்டையும் குழப்ப வேண்டாம். எமிசிவிட்டியை, அதாவது பொருள் வெப்பக் கதிரை எவ்வளவு வெளிவிடும் என்ற எண்ணை, கருவியில் 0.95 என்று வைத்தால் தார், சிமென்ட், மண், நாட்டு ஓடு எல்லாவற்றுக்கும் போதும். பளபளக்கும் தகரத்தில் மட்டும் நம்பாதீர்கள், உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். பகல் 2 மணிக்கு ஒருமுறை, இரவு 9 மணிக்கு ஒருமுறை அதே இடங்களில் அளந்து எழுதுங்கள். எனக்கு இரவுக் கணக்கில்தான் நம்பிக்கை. வெறும் மண் சீக்கிரம் ஆறிவிடும். காங்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில்தான் மெல்ல விடும்.

ஊர் முழுக்கப் பார்க்க லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் எடுத்த படம் வேண்டும். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் இலவசம். லெவல் 2 (மேற்பரப்பு வெப்பமாகக் கணக்கிட்டுத் தருவது) மேற்பரப்பு வெப்பப் படத்தை இறக்கி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து, ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள எண்ணை 0.00341802 ஆல் பெருக்கி, 149 கூட்டி, 273.15 கழித்தால் செல்சியஸ். 47000 என்று இருந்தால் 36.5 டிகிரி.

நான் சறுக்கியது இங்கேதான். முதலில் மே மாதப் படத்தை எடுத்தேன். ஊரைவிட வெளியே இருக்கும் பொட்டல் அதிகமாகச் சுட்டது! செயற்கைக்கோள் கடப்பது காலை பத்தரை வாக்கில். காய்ந்த செம்மண் அதற்குள் கொதித்துவிடும், ஊருக்குள் மர நிழலும் சுவர் நிழலும் உண்டு. கட்டடம் பெருகினால் ஊர் குளிரும் என்று முடிவு கட்டியிருப்பேன். ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து, கண்மாயும் வயலும் ஈரமாக இருக்கும் ஜனவரிப் படத்தை எடுங்கள். ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகும். அந்த வயல் பிளாட்டாகிவிட்டால் கொண்டுபோக ஈரம் இல்லை.

பழைய நிலவரத்துக்கு 1984 முதல் 2013 வரை படம் எடுத்த லேண்ட்சாட் 5 இருக்கிறது. தொண்ணூறுகளில் அது இன்னும் முன்னதாகவே கடந்தது. அதனால் அன்றைய டிகிரியை இன்றைய டிகிரியோடு நேராக ஒப்பிடாமல், ஊருக்கும் வயலுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் ஒப்பிடுங்கள். மழை ஏறக்குறைய ஒரே அளவு பெய்த வருஷங்களாகப் பார்த்து எடுப்பது நல்லது.

அப்புறம், படத்தில் உங்கள் வீட்டு வளவைத் தேடாதீர்கள். லேண்ட்சாட் 8-இன் வெப்ப உணரிக்கு நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் ஒரே புள்ளி.