வினாத்தாள் திறக்கவில்லை என்றால் லினக்ஸும் உள்ளே வராது

பாளையங்கோட்டையிலோ சேரன்மகாதேவியிலோ ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்க் யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்கிற கட்டற்ற மென்பொருள் பற்றிப் பேசப் போகிறீர்களா? 'இலவசம்' என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். லைசென்ஸ் காசு மிச்சம் என்று நாம் சொன்னால், 'நாளைக்கு மக்கர் பண்ணினால் யாரைக் கூப்பிட?' என்றுதான் தாளாளர் யோசிப்பார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போகவே கூடாது.

நான் செய்த பெரிய தவறு வேறு. அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியில் ஆசிரியர் அறைக் கணினியிலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்கிற கட்டற்ற இயங்குதளத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக வந்துவிட்டேன். அடுத்த வாரமே தமிழாசிரியை போன் பண்ணினார்: "சார், எட்டாம் வகுப்பு வினாத்தாள் நாளைக்குக் கொடுக்கணும், திறந்தா ஒரு எழுத்துகூடத் தமிழ்ல இல்ல." போய்ப் பார்த்தால் அவர் பாமினி என்கிற, யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்றுதான் தெரியும். எழுத்துருவை நிறுவியதும் எல்லாம் சரியாகிவிட்டது, ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அந்த ஒரு சாயங்காலத்தில் அந்தப் பள்ளியில் லினக்ஸ் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது.

அதனால் நிறுவுவதற்கு முன்பே ஆசிரியர்களின் பென்டிரைவை வாங்கி, பத்துப் பழைய வினாத்தாள்களை லிப்ரேஆபீஸில் (எம்.எஸ். ஆபீஸுக்குப் பதிலான கட்டற்ற மென்பொருள்) திறந்து பாருங்கள். பாமினி, வானவில் எழுத்துருக்கள் இருக்கின்றனவா, 'பொருத்துக' கட்டங்கள் நகர்கின்றனவா, கணக்குச் சமன்பாடுகள் உடைகின்றனவா என்று பாருங்கள். உடைந்தால் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். பழைய கோப்புகள் எழுத்துருவோடு அப்படியே இருக்கட்டும், புதிதாக அடிப்பதை மட்டும், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். 1999-லேயே அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு.

இன்னொன்று, லிப்ரேஆபீஸ் தானாக ஓடிடி (.odt) என்கிற தன் கோப்பு வடிவத்தில்தான் சேமிக்கும். டீச்சர் அதை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போவார், அங்கே வேர்டில் பக்கம் கலைந்து வரும், பழி மென்பொருள் மேல் விழும். அமைப்பில் போய் வேர்டின் டாக்ஸ் (.docx) வடிவத்தை இயல்பாக்கிவிடுங்கள். கட்டற்ற மென்பொருள் கொள்கைக்கு இது ஒத்துவராது என்று நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

கணினி ஆசிரியரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்புவதும் தவறு. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் 'நமக்கு இது ஒத்துவராது' என்று எச்.எம்.மிடம் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது கதை. அவருடைய பிரின்டருக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா, பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் (EMIS) தளம் பயர்பாக்ஸ் உலாவியில் தடையில்லாமல் ஓடுகிறதா என்று அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். டிரைவர் இல்லையென்றால் அந்தக் கணினியைத் தொடாதீர்கள். அரையாண்டுத் தேர்வு நேரத்திலும் பொதுத்தேர்வு நேரத்திலும் பள்ளிப் பக்கமே போகாதீர்கள்.

எங்கோ வெளிநாட்டில் இருந்து வந்த புதுமை மாதிரி பேசுவதும் வேண்டாம். நம் பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூலிலேயே உபுண்டுவும் ஓப்பன்ஆபீஸும் இருக்கின்றன. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் நாட்டிலேயே உருவாக்கிய பாஸ் (BOSS) லினக்ஸ் போட்டே கொடுத்தார்கள். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக்குள் நுழைந்தால், அந்தப் பக்கத்துக் கேரள அரசுப் பள்ளிகள் லினக்ஸில் பாடம் நடத்தி எத்தனையோ வருடம் ஆகிறது. தலைமையாசிரியருக்கு இது போதும், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ஸ்டால்மன் வரலாறு அப்புறம்.

முழு ஆய்வகத்தையும் ஒரே நாளில் மாற்ற ஆசைப்படாதீர்கள். விண்டோஸ் மேலேயே லிப்ரேஆபீஸ், வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் என்று தொடங்கலாம், விஎல்சி அனேகமாக ஏற்கெனவே இருக்கும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது, விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினிகள் ஆய்வகத்தில் நிச்சயம் நாலைந்து கிடக்கும். முதலில் அவற்றைக் கேளுங்கள். போட்டுக்கொடுத்த அடுத்த வாரம், மதிய இடைவேளையில், யாரும் கூப்பிடாமலேயே ஒருதடவை போய் உட்காருங்கள்.