ஊட்டி தாவரவியல் பூங்கா: குடும்பத்தோடு போகிறவர்களுக்குப் பருவம் பார்த்து ஒரு திட்டம்

ஊட்டிக்குப் போய்வந்தவர்களிடம் தாவரவியல் பூங்காவில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். பெரிய புல்வெளி, பூந்தொட்டிகள், நிறையப் படம் எடுத்தோம் என்பார்கள். 55 ஏக்கர் பூங்காவில் அவர்கள் பார்த்தது வாயிலை ஒட்டிய அடிப்பகுதி மட்டும். முதல் முறை எங்கள் கதையும் அதுதான். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. முழங்கால் வலியோடு அம்மா, ஆறு வயது மகள், மலைப்பாதையின் வளைவுகளில் இரண்டு முறை வாந்தி. வாயிலை அடைந்தபோது மணி மூன்று. ஒரு மணி நேரம் கூட்டத்தின் முதுகைப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டோம்.

அதன் பிறகு வெவ்வேறு மாதங்களில் நான்கு முறை போய்விட்டோம். அம்மாவும் ஒவ்வொரு முறையும் வந்தார். அந்த அனுபவத்தில் தேறிய முறையை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: இது சரிவு என்பதை மனதில் வையுங்கள்

பூங்கா என்றதும் சமதளம்தான் நம் நினைவுக்கு வருகிறது. இதுவோ தொட்டபெட்டா சிகரத்தின் அடிச்சரிவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,250 மீட்டருக்கு மேல், அடுக்கடுக்காக ஏறிச் செல்வது. வாயில் அடியில் இருக்கிறது. எனவே போகும்போது முழுக்க ஏற்றம், திரும்பும்போது முழுக்க இறக்கம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கொடுமை. திட்டம் போடும்போது குடும்பத்தில் யாரால் குறைவாக நடக்க முடியுமோ அவரிலிருந்து தொடங்குங்கள். அவர் எதுவரை வருவார், எங்கே உட்காருவார், மற்றவர்கள் எத்தனை மணிக்கு அவரிடம் திரும்புவார்கள் என்ற மூன்றையும் வீட்டிலேயே பேசிவிடுங்கள்.

இந்த அடுக்குகளை வடிவமைத்தவர் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1848இல் வந்த வில்லியம் கிரஹாம் மெக்கைவர். அதற்கும் முன்னால் இங்கே இருந்தது காய்கறித் தோட்டம். ஊட்டியில் குடியேறிய ஐரோப்பியர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டுத் தங்களுக்கான காய்கறியை விளைவித்துக்கொண்டார்கள். கடைகளில் இலையோடு கட்டித் தொங்கவிட்ட கேரட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மூன்று ரூபாய்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

இரண்டாம் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

விடுமுறை எப்போதோ அப்போது போவதுதான் பெரும்பாலோர் வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் எந்த மாதத்தில் பூங்கா எதைக் காட்டும் என்று தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

ஏப்ரல், மே ஆகியவை உள்ளூர்க்காரர்கள் சொல்லும் முதல் சீசன். 1896இல் தொடங்கிய மலர்க் கண்காட்சி மே மாதத்தில் நடக்கிறது. சால்வியா, பெட்டூனியா, பான்சி, டேலியா, மேரிகோல்டு என்று ஆயிரக்கணக்கான தொட்டிகள் மலர் மாடங்களில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். மலர்களால் கட்டிய பெரிய உருவங்களும் இருக்கும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் கண்காட்சி நாட்களில் நீங்கள் பார்க்கப்போவது கண்காட்சியைத்தான், பூங்காவையல்ல. மரங்களை நின்று பார்க்க நினைப்பவர்கள் வேறு மாதத்தைத் தேடுங்கள். மேதான் முடியும் என்றால் வார நாளில், பூங்கா திறக்கும் நேரத்தில் உள்ளே நுழைந்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டம் ஏறத் தொடங்கிவிடும். வெயிலையும் குறைத்து எடைபோடாதீர்கள். 2024 ஏப்ரல் 28 அன்று ஊட்டியில் 29 டிகிரி செல்சியஸ் பதிவானது. சமவெளிக்காரர்களுக்கு 29 பெரிதல்ல. ஆனால் அந்த உயரத்தில் வெயில் தோலைச் சுடும். காற்று குளிர்ந்திருப்பதால் சுடுவது தெரியாது. தொப்பி கட்டாயம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. தூறலும் மூடுபனியும் மாறி மாறி வரும். எல்லோரும் வேண்டாம் என்று ஒதுக்கும் இந்த மாதங்கள்தான் எனக்குப் பிடித்தவை. பாசி படர்ந்த மரத்தண்டுகளும், பெரணிச் செடிகளை வளர்க்கும் பெரணி இல்லத்தின் ஈரமும், மூடுபனிக்குள் பாதி மறைந்து நிற்கும் ஊசியிலை மரங்களும் வெயில் காலத்தில் கிடைக்காதவை. ஒரு ஜூலையில் பெரிய புல்வெளியில் எங்களைத் தவிர இரண்டே குடும்பங்கள் இருந்தன. ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. கனமழைக்கான சிவப்பு எச்சரிக்கை வந்தால் சுற்றுலாத் தலங்களை மூடிவிடுவார்கள். மரம் விழும் ஆபத்து நிஜமானது. கிளம்பும் முன்பு வானிலை அறிவிப்பைப் பாருங்கள். பலத்த காற்று என்றிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

செப்டம்பரும் அக்டோபரும் இரண்டாம் சீசன். மலர் மாடங்களில் மறுபடி தொட்டிகள் ஏறும். கூட்டம் மே மாதத்தில் பாதிகூட இருக்காது. பூவும் வேண்டும், அமைதியும் வேண்டும் என்பவர்களுக்கு, குறிப்பாக முதல் முறை போகிறவர்களுக்கு, நான் சொல்வது இந்த இரண்டு மாதங்களைத்தான். ஆயுத பூசை விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அக்டோபர் நடுவுக்கு மேல் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் மண்சரிவால் மலை ரயில் நிற்பது அடிக்கடி நடக்கிறது. அதை நம்பித் திரும்பும் பயணத்தைத் திட்டமிட வேண்டாம்.

டிசம்பரிலும் ஜனவரியிலும் உறைபனி. வானம் தெளிவாக இருக்கும் இரவில் நிலத்தின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடுவதால் புல்லின் மேல் படியும் ஈரம் உறைந்துவிடுகிறது. விடியும்போது புல்வெளியில் உப்பைத் தூவினாற்போல் இருக்கும். வெயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கரைந்துபோகும் என்பதால் பூங்கா திறந்ததும் உள்ளே இருக்க வேண்டும். அந்தப் புல்லை மிதிக்காதீர்கள். உறைந்த இலை உடைந்து கால் தடம் பழுப்பாக நிற்கும். இந்த மாதங்களில் பூச்செடிகளின் மேல் காய்ந்த குச்சிகளும் இலைகளுமாகச் சிறு கூடாரங்கள் தெரிந்தால் குப்பை என்று நினைக்க வேண்டாம். பனி தாக்காமல் இருக்கக் கோத்தகிரி மிலார் செடியின் கிளைகளால் ஊழியர்கள் மூடிவைத்தவை அவை. என் மகள் பூக்களை விட்டுவிட்டு அந்தக் கூடாரங்களைத்தான் எண்ணிக்கொண்டு வந்தாள்.

பிப்ரவரி, மார்ச் இடைவெளி மாதங்கள். மே கண்காட்சிக்கான நாற்றுகள் வளர்ந்துகொண்டிருக்கும், பாத்திகளில் மண் தெரியும். சீசனை ஒட்டி பெரிய புல்வெளியைப் பராமரிப்புக்காக மூடிவைப்பதும் உண்டு. புல்லில் உருளலாம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

மூன்றாம் படி: பயணம்

சொந்தக் காரிலோ வாடகை வண்டியிலோ போனால் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் ஒரு நாளைக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். தேதி முடிவானதும் முதலில் பாஸை எடுங்கள், விடுதியை அப்புறம் பதியுங்கள். அரசுப் பஸ்ஸில் போனால் இந்தக் கவலையே இல்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாகவும் கோத்தகிரி வழியாகவும் ஏறலாம். சீசனில் குன்னூர் வழியே ஏறி கோத்தகிரி வழியே இறங்கும்படி ஒருவழிப் போக்குவரத்து அறிவிப்பது வழக்கம். வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்குக் காலையில் இரண்டு இட்லி போதும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்.

மலை ரயில் பிள்ளைகளின் கனவு. ஆனால் காலையில் மேட்டுப்பாளையத்தில் ஏறினால் 46 கிலோமீட்டரைக் கடந்து ஊட்டி சேர நண்பகலாகிவிடும். அன்றே பூங்காவையும் பார்ப்பது வீண் முயற்சி. குன்னூரிலிருந்து ஊட்டி வரையான பகுதியில் மட்டும் இன்னொரு நாளில் ஏற்றிவிடுங்கள், ஆசை தீர்ந்துவிடும்.

நான்காம் படி: பையில் என்ன

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு. ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களும் அதில் அடக்கம். சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குக் கம்பளிக் குல்லாவும், வழுக்காத அடிப்பகுதியுள்ள காலணியும் வேண்டும். ஈரமான படியில் ரப்பர் செருப்பு ஆபத்து. ஒரு பழைய துண்டும் இருக்கட்டும். மழைக்காலத்தில் ஈரப் பெஞ்சைத் துடைக்காமல் யாரும் உட்கார முடியாது.

ஐந்தாம் படி: உள்ளே நடக்கும் வரிசை

நுழைந்ததும் புல்வெளியில் உட்காராதீர்கள். இதுதான் பூங்காவில் எல்லோரும் செய்யும் பிழை. உட்கார்ந்தால் சாப்பிடத் தோன்றும், சாப்பிட்டால் ஏறத் தோன்றாது. கால்களில் தெம்பு இருக்கும்போதே மேல் அடுக்குகளுக்குப் போய்விட்டு, புல்வெளியைக் கடைசிக்கு வையுங்கள்.

போகும் வழியில் குரங்கு ஏறா மரத்தைக் கேட்டுப் பாருங்கள். தென்னமெரிக்காவின் சிலி நாட்டுப் பக்கத்து மரம். கிளை முழுவதும் கத்தி முனை போன்ற இலைகள் செதில் செதிலாக மூடியிருக்கும். பெயருக்கு விளக்கமே தேவையில்லை. அடுத்தது கல்மரம். 2 கோடி ஆண்டு வயதென்று சொல்லப்படும் அடிமரம், மரத்தின் ரேகைகள் அப்படியே இருக்கக் கல்லாக மாறியிருக்கிறது. “இது மரமா கல்லா?” என்று மகள் கேட்டதற்கு, “மரமாக இருந்து கல்லானது, உன் அப்பாவைப் போல” என்றார் அம்மா. அவர் வந்தது அதுவரைதான். “நான் இங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன், கண்ணு. நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள்” என்று பெஞ்சில் அமர்ந்துவிட்டார்.

கண்ணாடி மாளிகை, பெரணி இல்லம் இரண்டும் மழை வந்தால் ஒதுங்கவும் இடம். அதனால் மழைக்காலத்தில் அவற்றை நடுவில் வைத்துத் திட்டம் போடுங்கள். இத்தாலியப் பூங்காவின் வடிவப் பாத்திகளைக் கொஞ்சம் உயரமான இடத்திலிருந்து பார்த்தால்தான் அமைப்பு புரியும்.

உச்சியில், பூங்காவின் மேல் எல்லையில், தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து இருக்கிறது. ஏறிப் போகிறவர்கள் மிகக் குறைவு, போகாதவர்களுக்கு இழப்புதான். அரைப் பீப்பாயைக் கவிழ்த்தாற்போன்ற பழைய வீட்டு வடிவத்தை இங்கே பார்க்கலாம். ஆனால் அது கண்காட்சி அல்ல, மனிதர்கள் வாழும் இடம். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடப் பெண்கள் போடும் தையல் வேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்க விரும்பினால் பேரம் பேசாமல் வாங்குங்கள். ஒவ்வொரு இழையையும் கையால் எண்ணித் தைத்தது.

இறங்கும்போது அவசரம் வேண்டாம். நாங்கள் கல்மரத்துக்குத் திரும்பியபோது, அம்மா பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு பாட்டியோடு வர்க்கியைப் பகிர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “இதற்குள் வந்துவிட்டீர்களே!” என்றார். அதன் பிறகுதான் நாங்கள் எல்லோரும் புல்வெளிக்குப் போய்ப் படுத்தோம்.