வார்டில் பாடம் நடத்தும்போது கேஸைச் சுத்தம் செய்யாதீர்கள்

மருத்துவக் கல்லூரியில் புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியர்கள் கட்டிலருகே நின்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை அடிக்கடி பார்க்கிறேன். நான் ஆரம்பத்தில் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். முக்கியமாக, பாடத்துக்குப் பொருந்தாததை நீக்கி கேஸைச் 'சுத்தம்' செய்துவிடுகிறார்கள். கை கழுவுவது, நோயாளியிடம் அனுமதி கேட்பது எல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

'நல்ல கேஸ்' தேடுவது

மைட்ரல் ஸ்டெனோசிஸ் (இதய வால்வு சுருக்கம்), ப்ளூரல் எஃப்யூஷன் (நுரையீரலைச் சுற்றி நீர் சேர்வது) என்று ஒரே நோய் உள்ளவராகப் பார்த்து மாணவர்களை அழைத்துப் போகிறோம். சர்க்கரை, பிரஷர், சிறுநீரகக் கோளாறு மூன்றோடும் பக்கத்தில் படுத்திருப்பவரைக் குழப்பமான கேஸ் என்று தாண்டிவிடுகிறோம். ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி மருத்துவராக) முதல் நைட் டூட்டியில் மாணவர் பார்க்கப்போவது அவரைப் போன்றவரைத்தான். 2019இல் வந்த எம்பிபிஎஸ் திறன்சார் பாடத்திட்டம் முதல் வருடத்திலேயே மாணவர்களை நோயாளியிடம் கூட்டிப்போகச் சொல்கிறது. அதனால் இந்தப் பழக்கமும் அப்போதே ஒட்டிக்கொள்கிறது.

பொருந்தாததை வெட்டிவிடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஒருமுறை மூச்சுத்திணறலோடு வந்த 68 வயது அம்மாவைக் காட்டிப் பாடம் நடத்தினேன். கழுத்து நாளம் புடைத்திருந்தது, கால் வீங்கியிருந்தது. இதயச் செயலிழப்பு என்று சொல்லி முடித்தேன். "சார், அவங்களுக்கு முழங்கால் வலியும் இருக்கு" என்றார் ஒரு மாணவி. "அது இப்போ வேண்டாம்மா" என்று நிறுத்திவிட்டேன்.

மூன்று நாள், நீரை வெளியேற்றும் மருந்தான ஃப்ரூசமைடின் அளவைக் கூட்டிக்கொண்டே போனோம். வீக்கம் வடியவில்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.4இலிருந்து 3.1க்கு ஏறியது. நான்காம் நாள் அதே மாணவி அந்த அம்மாவிடம் பொறுமையாக உட்கார்ந்து பேசினார். தலையணைக்கு அடியிலிருந்து டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை அட்டை வெளியே வந்தது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கி, வார்டிலும் தினம் இரண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

வலி மாத்திரை உடலில் உப்பையும் நீரையும் தேக்கும், ஃப்ரூசமைடின் வேலையைக் கெடுக்கும். அவர் பிரஷர் மாத்திரையான எனலாப்ரிலும் எடுத்துக்கொண்டிருந்தார். சிறுநீரக வடிகட்டிக்குள் போகும் இரத்தக் குழாயை வலி மாத்திரை சுருக்க, வெளியே வரும் குழாயை எனலாப்ரில் தளர்த்த, வடிகட்டும் அழுத்தம் இறங்கிவிட்டது. முழங்கால் வலிப் பேச்சை நான் வெட்டாமல் இருந்திருந்தால் முதல் நாளே பிடித்திருக்கலாம்.

இப்போதெல்லாம் நோயின் பெயரைக் கேட்கும் முன்பே மாணவரிடம் கேட்கிறேன்: "நீங்கள் சொன்னதில் எது உங்கள் விடைக்குள் அடங்கவில்லை?" அப்புறம் மாத்திரைப் பையைக் கட்டிலில் கொட்டி, ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். கடைசியாக, இருக்கிற பிரச்சினைகளில் இன்று எதை முதலில் கவனிப்பது, எது நாளைவரை பொறுக்கும் என்று வாதாடச் சொல்கிறேன். வார்டு ரவுண்ட்ஸ் நீளத்தான் செய்கிறது. நீளட்டும்.

கேள்வி கேட்டுவிட்டு நாமே பதில் சொல்வது

பத்து விநாடி பொறுங்கள்.

வீட்டைப் பற்றிக் கேட்காதது

இன்சுலினை இரண்டு வேளை எழுதுகிறோம். ஊசி போட்டுவிடுவது யார்? மாதம் ஒரு மகன் வீடு என்று மாறும் பாட்டிக்கு, மருந்துச் சீட்டு அந்த வீட்டுக்குப் போகிறதா? கேஸ் ஷீட்டில் இதற்கும் ஒரு வரி எழுத வையுங்கள்.

தெரியாததை மறைப்பது

"எனக்கும் உறுதியாகத் தெரியவில்லை, சாயங்காலம் பொட்டாசியம் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்" என்று மாணவர்கள் முன்னால் சொல்லுங்கள். சொன்னபடி சாயங்காலம் அவர்களைக் கூப்பிடுங்கள்.