கிசோ மலைவீட்டில் முதல் குளிர்காலம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானின் நாகானோ மாகாணத்தில் இருக்கிறது கிசோ பள்ளத்தாக்கு. அங்கே ஆளில்லாமல் கிடக்கும் பழைய மரவீட்டை மலிவாக வாங்கி, வார இறுதியில் மட்டும் வந்து தங்குகிறவர்கள் உண்டு. ஆட்கள் மாறுகிறார்கள், முதல் குளிர்காலத்தில் செய்யும் தவறுகள் மாறுவதில்லை. கம்பளி, கையுறை பற்றி இங்கே பேசப்போவதில்லை.

பனிப்பொழிவை மட்டும் நினைத்து அஞ்சுவது

கூரையில் ஏறிப் பனியை அள்ளித் தள்ள வேண்டிய ஊர்கள் நாகானோவின் வடக்கே, ஈயாமா பக்கம். கிசோவில் பனி குறைவு, குளிர்தான் கொடுமை. பழைய நகாசென்தோ பெருவழியில் சோதனைச்சாவடி இருந்த கிசோ-புகுஷிமா 700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஜனவரி விடியலில் மைனஸ் 10 டிகிரி அங்கே சாதாரணம். கைதா மேட்டுநிலத்தில் இன்னும் கீழே போகும். எனவே பனிவாரி வாங்குவதற்கு முன் தண்ணீர்க் குழாய்களைப் பாருங்கள்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளம்புவது

பார்க்கப் பார்க்க எரிச்சல் வருவது இதில்தான். ஞாயிறு மாலை நாகோயாவுக்குத் திரும்புகிறவர், ஆளில்லாத வீட்டுக்கு மின்சாரம் எதற்கு என்று பிரேக்கரை இறக்கிவிடுகிறார். மற்ற ஊரில் அது நல்ல பழக்கம். இங்கே அதுதான் வீட்டைக் கெடுக்கிறது.

பழைய வீடுகளில் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று ஓடும் இடைவெளி உண்டு. குழாய்கள் போவது அதன் வழியே. அவற்றைச் சுற்றியிருக்கும் ஹீட்டர் நாடா குளிர் கூடியதும் தானாகச் சூடேறும். வெளிச்சுவரில் மாட்டிய கேஸ் வாட்டர் ஹீட்டருக்குள்ளும் உறையாமல் காக்கும் சிறு ஹீட்டர் இருக்கிறது. பிரேக்கர் இறங்கினால் இரண்டும் செத்துவிடும்.

மைனஸ் 4 டிகிரி வாக்கில் எதுவும் சுற்றாமல் வெறுமனே கிடக்கும் குழாய்கள் உறையத் தொடங்கும். தண்ணீர் உறையும்போது பருமன் சுமார் 9 சதவீதம் கூடுவதால், வளைவு இணைப்பும் பித்தளைக் குழாய்த் தலையும் விரிசல் விடும். உறைந்திருக்கும்வரை ஒரு சொட்டும் கசியாது. வெயில் ஏறி உருகும்போதுதான் பீய்ச்சும். அப்போது வீட்டில் ஆள் இருக்காது. அப்படிப் போன ஒரு வீட்டில் சமையலறைக் குழாயில் இருந்தது மயிரிழை விரிசல்தான். உரிமையாளர் வந்து பார்த்தபோது தாதாமி பாய்கள் உப்பி, அடியில் பலகைகள் நெளிந்திருந்தன. தண்ணீர்க் கட்டணத்தோடு தச்சர் கூலியும் சேர்ந்தது.

பிரேக்கரைத் தொடாதீர்கள். அதோடு குழாயிலிருக்கும் நீரையும் வடித்துவிடுங்கள். ஊரில் ‘மிசுநுகி’ என்பார்கள்.

வடிப்பு வால்வு என்பது வீட்டுக்குள் வரும் நீரை அடைத்து, குழாயில் நிற்பதை மண்ணுக்குள் வடியவிடும் வால்வு. அதை, திருகு நிற்கும்வரை முழுக்க மூடுங்கள். பாதியில் விட்டால் அதன் வடிதுளை வழியே மண்ணுக்குள் இரவும் பகலும் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். பிறகு வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் திறங்கள். குளிர்நீர், வெந்நீர் இரண்டையும். ஒற்றைக் கைப்பிடி என்றால் நடுவில் வையுங்கள். ஷவரைத் தரையில் இறக்குங்கள். காற்று உள்ளே போனால்தான் நீர் இறங்கும். கழிவறைத் தொட்டியைக் காலிசெய்து, பீங்கானில் தேங்கும் நீரில் உறையெதிர்ப்புத் திரவம் ஊற்றுங்கள். வாட்டர் ஹீட்டர் ஆறியபின் அதன் வடிகால் திருகுகளைத் திறங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் கை வெந்துபோகும்.

கடைசியாக வெளியே போய் தண்ணீர் மீட்டரின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே சின்ன வெள்ளிச் சக்கரம் ஒன்று இருக்கும். அது அசையாமல் நிற்க வேண்டும். சுழன்றால் வால்வு சரியாக மூடவில்லை.

உறைந்த குழாயில் கொதிநீர் ஊற்றுவது

குழாய் வெடிக்கும். குழாயைத் திறந்துவைத்து, துணி சுற்றி, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

தங்கும் இரவில் குளியல் தொட்டியைக் காலிசெய்வது

தொட்டி நீரையே மறுபடி சூடேற்றும் வசதி இருந்தால், நீர் சுழலும் துளைக்கு மேல் 5 சென்டிமீட்டராவது தண்ணீர் நிற்கட்டும். குளிர் கூடினால் பம்ப் தானே அதைச் சுழற்றும்.

போன வருஷத்து மண்ணெண்ணெய்

அறையைச் சூடாக்கும் அடுப்பில் ஊற்றாதீர்கள்.

இரவில் ஹேண்ட்பிரேக்

உறைந்து பிடித்துக்கொள்ளும். ‘பி’ கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

திரும்பி வந்ததும் அவசரமாக வால்வைத் திறப்பது

முதலில் எல்லாக் குழாய்களையும், வாட்டர் ஹீட்டர் திருகுகளையும் மூடுங்கள். பிறகு வால்வை முழுக்கத் திறங்கள். பாதி திறந்தாலும் மண்ணுக்குள் அதே கசிவுதான். திறந்த கையோடு மீட்டரை இன்னொரு முறை பாருங்கள்.