இன்டர்நேஷனல் பள்ளியில் ஆசிரியர் வேலை: நேர்காணலுக்குத் தயாராவது எப்படி?

ஸ்டேட் போர்டிலோ சிபிஎஸ்இயிலோ நன்றாகப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் பலர், இன்டர்நேஷனல் பள்ளி என்றதும் தங்கள் ஆங்கில உச்சரிப்பை நினைத்துத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை முதலில் விடுங்கள். தெளிவாகப் பேசினால் போதும். உங்கள் வகுப்பறையில் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பதைத்தான் தேர்வுக் குழு கடைசிவரை பார்க்கிறது. கீழே சொல்லும் தயாரிப்பு எல்லாமே அந்த ஒரு கேள்விக்குத்தான்.

படி 1: எந்தப் பாடத்திட்டம்?

பெயரில் 'இன்டர்நேஷனல்' இருந்தும் சிபிஎஸ்இ நடத்தும் பள்ளிகள் நிறைய. அதனால் விண்ணப்பிக்கும் முன் பள்ளியின் இணையதளத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) அல்லது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் இருக்கும். ஐபி 1968இல் ஜெனீவாவில் தொடங்கியது. இந்தியாவில் அதை முதலில் கொண்டுவந்தது நம் கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி, 1976இல். ஐபியில் சின்னப் பிள்ளைகளுக்கு பிஒய்பி என்ற தொடக்கநிலைத் திட்டம், 11 முதல் 16 வயதுவரை எம்ஒய்பி என்ற நடுநிலைத் திட்டம், அதற்கு மேல் டிபி என்ற டிப்ளமா திட்டம். கேம்பிரிட்ஜில் பத்தாம் வகுப்பு அளவில் ஐஜிசிஎஸ்இ, அப்புறம் பிளஸ் டூ அளவில் ஏ லெவல்.

இதோடு நிற்காமல் உங்கள் பாடத்துக்கு மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்று பாருங்கள். எம்ஒய்பி அறிவியலை எடுத்துக்கொள்வோம். நான்கு அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் 8. பாடத்தை அறிந்து புரிந்துகொண்டதற்கு 8 மட்டும்தான். சோதனையை வடிவமைப்பது, கிடைத்த தரவை அலசி மதிப்பிடுவது, அறிவியலால் சமூகத்தில் ஏற்படும் தாக்கத்தை யோசிப்பது ஆகியவற்றுக்கு மீதி 24. இதைப் பார்த்தாலே, போர்ஷன் முடிப்பதில் கெட்டிக்காரர் என்பது மட்டும் அங்கே ஏன் போதாது என்று விளங்கும். ஐபியின் பாடச் சுருக்கங்களும், கேம்பிரிட்ஜின் பாடத்திட்டங்களும் பழைய வினாத்தாள்கள் பலவும் அவர்கள் தளங்களிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

படி 2: ரெஸ்யூமே

இரண்டு பக்கம் போதும். 'கடின உழைப்பாளி' போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள். '9ஆம் வகுப்பு மாணவர்கள் தங்கள் தெருவின் குடிநீரைச் சோதித்து அறிக்கை எழுதினார்கள்' என்பது போல, நீங்கள் உண்மையிலேயே செய்யவைத்த ஒன்றை எழுதுங்கள். வேலையில் இல்லாத மாதங்கள் இருந்தால் காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். கட்டாயம் கேட்பார்கள்.

படி 3: டெமோ வகுப்பு

வேலை கிடைப்பதும் கைநழுவுவதும் பெரும்பாலும் இங்கேதான் என்பது என் கணிப்பு. 25 நிமிடம் கொடுத்தால் 25 நிமிடமும் பேசிவிடுவதுதான் பழகிய ஆசிரியர்களும் செய்யும் தவறு. 7ஆம் வகுப்புக்கு அடர்த்தி பற்றிப் பாடம் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கண்ணாடி ஜாடியில் தண்ணீர், ஒரு ஆரஞ்சுப் பழம். வேறொன்றும் வேண்டாம்.

பழத்தைக் காட்டி, மிதக்குமா மூழ்குமா என்று ஒவ்வொருவரையும் காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். போடுங்கள், மிதக்கும். வெளியே எடுத்துத் தோலை உரித்துவிட்டு மறுபடி கேளுங்கள். "எடை குறைஞ்சிடுச்சே, இன்னும் நல்லா மிதக்கும்" என்று பாதிப் பேர் சொல்வார்கள். போட்டால் மூழ்கிவிடும். வகுப்பு சலசலக்கும். அந்த நேரத்தில் விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும், சொல்லாதீர்கள். இருவர் இருவராகப் பேசவிட்டு, நீங்கள் நடுவே நடந்து காதுகொடுத்துக் கேளுங்கள். யாராவது ஒரு பிள்ளை "தோலுக்குள்ள காத்து இருக்கு மிஸ்" என்று சொல்லும். "சரி, அதை எப்படி நிரூபிப்பாய்?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். 'அடர்த்தி' என்ற சொல் 15ஆவது நிமிடத்தில் வந்தால் போதும்.

சீக்கிரம் முடித்துவிடும் பிள்ளைகளுக்கு நிறையும் கன அளவும் கொண்ட சின்னக் கணக்கு ஒன்று கையில் இருக்கட்டும். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகளுக்குப் படமும் பாதி எழுதிய வாக்கியமும் உள்ள ஒரு சீட்டு. ஒரே வகுப்பில் பல நாட்டுப் பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் இந்த ஏற்பாட்டைக் குழு கண்டிப்பாகக் கவனிக்கும். கடைசி மூன்று நிமிடத்தில், முழுப் பழம் ஏன் மிதந்தது என்று ஆளுக்கொரு சீட்டில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் "வகுப்பு எப்படிப் போனது?" என்று குழு கேட்கும். அந்தச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, "மூன்று பேர் இன்னும் எடை என்றே எழுதியிருக்கிறார்கள், அடுத்த வகுப்பை அங்கிருந்து தொடங்குவேன்" என்று சொல்லிப் பாருங்கள். 'நன்றாகப் போனது' என்ற பதிலைவிட இது பல மடங்கு பேசும்.

ஒரு விஷயம்: முந்தின நாள் வீட்டில் செய்து பார்த்துவிடுங்கள். சுளைகளுக்கு நடுவே காற்று தங்கினால் உரித்த பழமும் மிதந்துவிடும்.

படி 4: கேள்விகள்

"ஒழுங்கீனமாக நடக்கும் மாணவரை எப்படிக் கையாள்வீர்கள்?", "சக ஆசிரியரோடு கருத்து வேறுபாடு வந்ததுண்டா?" போன்றவை வரும். பொதுப்படையாகப் பேசாமல் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்: என்ன சூழல், உங்கள் பொறுப்பு என்ன, என்ன செய்தீர்கள், பிறகு என்ன ஆனது. இப்படி நான்கைந்து சம்பவங்களை எழுதி வைத்து, உரக்கச் சொல்லிப் பழகினால் எந்தக் கேள்விக்கும் ஒன்று பொருந்தும். ஆன்லைன் நேர்காணல் என்றால் கேமராவும் மைக்கும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: குழந்தைப் பாதுகாப்பு

இதற்கென்றே தனியாக உட்கார்ந்து தயாராகுங்கள். பாடத்தில் சறுக்கினால் பயிற்சி கொடுப்பார்கள். இதில் சறுக்கினால் மன்னிக்க மாட்டார்கள், மன்னிக்கவும் கூடாது.

கேள்வி பெரும்பாலும் இப்படி இருக்கும்: "வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி வந்து, 'யாரிடமும் சொல்ல மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன் மிஸ்' என்கிறாள். என்ன செய்வீர்கள்?" ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்கக் கூடாது. "உன்னைப் பாதுகாக்க வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று அன்பாகச் சொல்லுங்கள். குறுக்கிடாமல் கேளுங்கள். "அவர் இப்படிச் செய்தாரா?" என்று நாமே சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது, பின்னால் விசாரணையில் அது குழந்தையின் வாக்குமூலத்தையே பலவீனமாக்கிவிடும். குழந்தை சொன்ன அதே வார்த்தைகளில், தேதியும் நேரமும் போட்டு எழுதி, உடனே பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். நீங்களே விசாரிக்கக் கிளம்பாதீர்கள்.

இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம்), அப்படிக் குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குத் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். ஆறு மாதம் வரை சிறை உண்டு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் நினைவில் இருக்கட்டும். முன்பு வேலை பார்த்த பள்ளியின் முதல்வரிடமும் உங்களைப் பற்றி விசாரிப்பார்கள். அவரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

படி 6: நீங்கள் கேட்க வேண்டியவை, காகிதங்கள்

வாரத்துக்கு எத்தனை பீரியட், ஐபி அல்லது கேம்பிரிட்ஜ் பயிற்சிச் செலவு யாருடையது, உங்கள் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். வெளிநாடு என்றால் விசா, விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு, வீடு ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆகஸ்ட்டில் திறக்கும் வெளிநாட்டுப் பள்ளிகள் பல முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே ஆள் தேடத் தொடங்கிவிடும். துபாய், அபுதாபி போக நினைப்பவர்கள் பட்டம், பி.எட். சான்றிதழ்களுக்கு வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று சான்றொப்பம் வாங்க வேண்டும். நாளாகும் வேலை, முன்கூட்டியே தொடங்குங்கள். போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழுக்கு பாஸ்போர்ட் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இப்போதைய பள்ளியில் ராஜினாமா கடிதம் கொடுப்பதை மட்டும், கையெழுத்தான ஒப்பந்தம் கைக்கு வரும்வரை தள்ளிப்போடுங்கள்.